டெக்கில் காய்கறிப் பெட்டி: பலகைக்கு முன்னால் எடைக் கணக்கு

நியூ ஜெர்சியில் எடிசன், பிஸ்கேட்டவே, பிளெயின்ஸ்பரோ பக்கம் டவுன்ஹவுஸில் குடியிருப்பவர்களுக்குத் தோண்டி விதைக்கச் சொந்த மண் பெரும்பாலும் கிடையாது. புல்வெளி முழுக்க எச்.ஓ.ஏ. எனும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கையில். மிஞ்சுவது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 10-க்கு 12 அடி டெக், அதாவது மரமேடை. கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாம் அங்கேதான். பிளாஸ்டிக் தொட்டிகள் பெருகி நடக்க இடமில்லாமல் போனதும், ஒழுங்காக ஒரு மரப்பெட்டி செய்துவிடலாம் என்று தோன்றும்.

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை தரையில் வைக்கும் பாத்திகளுக்கானவை. தரையில் வைத்தால் எடையைப் பூமி தாங்கிக்கொள்ளும், வடியும் தண்ணீரைப் பூமியே குடித்துவிடும். டெக்கில் இரண்டுமே உங்கள் பொறுப்பு. பலகையை அறுத்து ஸ்க்ரூ போடுவது ஒரு சனிக்கிழமை வேலை. ஆனால் பெட்டி எத்தனை பவுண்டு, அது எங்கே நிற்கிறது, வடியும் தண்ணீர் எதன்மேல் விழுகிறது என்ற மூன்றையும் யோசிக்காமல் செய்தால் முதலில் உளுத்துப்போவது பெட்டியாக இருக்காது, டெக்காக இருக்கும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

எவ்வளவு கனக்கும்

இங்கே சொல்லப்போகும் பெட்டி 46 அங்குல நீளம், 23¼ அங்குல அகலம், 16½ அங்குல உயரம். உள்ளே மண்கலவை 13 அங்குல ஆழத்துக்கு நிற்கும். அது ஏறக்குறைய 7.4 கன அடி. தேங்காய்நாரோ பீட்டோ (சதுப்புநிலப் பாசிமக்கு) கலந்த பாட்டிங் மிக்ஸ் நன்றாக நனைந்தபின் கன அடிக்கு 60 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 445 பவுண்டு. பெட்டி 45 பவுண்டு. மொத்தம் 490. இதே பெட்டியில் தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டால் ஈரத்தில் கன அடிக்கு 110 பவுண்டைத் தாண்டும். 850 பவுண்டுக்கு மேல் போய்விடும். டெக் பெட்டியில் தோட்டத்து மண் கூடாது என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இது ஒன்றே போதும்.

அமெரிக்காவில் வீட்டு டெக்குகள் பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு சுமை தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன; மரத்தின் சொந்த எடைக்கு 10 பவுண்டு தனி. நம் பெட்டி உட்காரும் இடம் 7.4 சதுர அடி. 490-ஐ அதால் வகுத்தால் சதுர அடிக்கு 66 பவுண்டு. பயப்பட வேண்டாம். 40 என்பது டெக் முழுவதும் ஒரே நேரத்தில் பரவி நிற்கும் சுமைக்கான கணக்கு. 120 சதுர அடி டெக்குக்கு மொத்தம் 4,800 பவுண்டு. நல்ல நிலையில் இருக்கும் டெக்கில் சரியான இடத்தில் ஒரு பெட்டி நின்றால் பிரச்சினை இல்லை. நான்கு பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, ஜூலை நான்காம் தேதி அதே டெக்கில் கிரில்லும் பதினைந்து விருந்தாளிகளும் என்றால்தான் கணக்கு இடிக்கும்.

நல்ல இடம் எது என்று தெரியக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். டெக்கின் பலகைகளுக்கு அடியில் குறுக்காக ஓடுபவை ஜாய்ஸ்ட்டுகள். அவற்றின் ஒரு முனை வீட்டுச் சுவரில் பொருத்திய லெட்ஜர் பலகையில் தொங்கும்; மறுமுனைப் பக்கம், தூண்கள்மேல் நிற்கும் பீமில், அதாவது கனமான உத்திரத்தில், உட்காரும். பல டெக்குகளில் ஜாய்ஸ்ட்டுகள் பீமைத் தாண்டி ஓரிரு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடியை ஒட்டிப் பெட்டியை வைப்பவர்கள் தெரியாமலே அந்த நீட்டலின் நுனியில்தான் வைக்கிறார்கள். பெட்டி பீமுக்கு நேர் மேலே, தூணுக்கு அருகில் நின்றால் எடை நேராகத் தரைக்குப் போகும். ஜாய்ஸ்ட்டின் நடுவயிறும் வேண்டாம், நீட்டிய நுனியும் வேண்டாம்.

குனிந்த கையோடு லெட்ஜரையும் பார்த்துவிடுங்கள். அரை அங்குல போல்ட்டோ லேக் ஸ்க்ரூவோ அதற்கென்றே விற்கும் கனமான ஸ்க்ரூக்களோ ஒழுங்கான இடைவெளியில் தெரிய வேண்டும். வெறும் ஆணி மட்டும் அடித்திருந்தால் அந்த டெக்கில் பெட்டி வைக்கும் பேச்சே வேண்டாம், முதலில் டெக்கைச் சரிசெய்யுங்கள். டெக்குகள் இடிந்து விழுவதில் லெட்ஜர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொள்வது முக்கியமான காரணம்.

கீரை, வெந்தயம், கொத்தமல்லி மட்டும்தான் என்றால் மூன்று அடுக்குப் பலகைக்குப் பதிலாக இரண்டு அடுக்கே போதும். உயரம் 11 அங்குலம், கலவை 8 அங்குலம், மொத்த எடை 310 பவுண்டு. சதுர அடிக்கு 41-42 பவுண்டுதான் வரும். பழைய டெக்குக்கு இதுவே நல்லது.

மரம்

சீடர் வேலிப் பலகைதான் என் தேர்வு. பெரிய ஹார்டுவேர் கடைகளில் பிக்கெட் என்று அடுக்கி வைத்திருப்பார்கள்: 5/8 அங்குல கனம், 5½ அங்குல அகலம், 6 அடி நீளம், ஒரு முனையில் காது வெட்டியது. மற்ற சீடர் பலகைகளோடு பார்த்தால் விலை மிகக் குறைவு. கனமும் குறைவுதான். ஆனால் டெக்கில் எடை குறைவது லாபம். ஒவ்வொரு பலகையையும் தூக்கித் திருப்பிப் பார்த்து எடுங்கள். செம்பழுப்பாக இருப்பது வைரம், மரத்தின் முற்றிய உட்பகுதி. அதுதான் உளுக்காமல் நிற்கும். ஓரத்தில் வெள்ளை மஞ்சளாக ஓடுவது வெளிறு, முற்றாத வெளிப்பகுதி. சீடராகவே இருந்தாலும் வெளிறுக்கு அந்தக் குணம் இல்லை. வெளிறு ஓடிய பலகையைத் தள்ளிவிட முடியாவிட்டால் மேல் அடுக்குக்கு ஒதுக்குங்கள். அடி அடுக்குக்கும் தளத்துக்கும் முழுச் சிவப்பு.

இந்தப் பலகைகள் பெரும்பாலும் ஈரத்தோடே விற்பனைக்கு வரும். வாங்கிய அன்றே கட்டினால் காய்ந்தபின் அடுக்குகளுக்கு நடுவே சந்து விழும். இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் ஓரிரு வாரம் விட்டுவிடுவது நல்லது. அகலமும் எல்லாவற்றிலும் சரியாக 5½ இருக்காது. அளந்து, ஒரே அகலம் உள்ளவற்றை ஒரே அடுக்குக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் ட்ரீட்டட் மரம், அதாவது உளுக்காமலிருக்க அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம், வேண்டுமா என்பது ஓயாத விவாதம். ஆர்செனிக் கலந்த சி.சி.ஏ. மருந்தேற்றிய மரம் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு நிறுத்தப்பட்டது. இன்று வருவதில் முக்கியமாகத் தாமிரச் சேர்மங்கள். ஆகவே இன்றைய மரத்தைக் கண்டு அலற வேண்டியதில்லை. மண்ணைத் தொடும் இடத்தில் சீடரும், மண் படாத அடிக்கட்டைக்கு ட்ரீட்டட் கட்டையும் என்று பிரித்துக்கொண்டால் விவாதமே முடிந்துவிடும். உண்மையான ஆபத்து வேறு. பக்கத்து வீட்டில் பழைய டெக்கைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், பலகை இரும்பு மாதிரி இருக்கும், இலவசம். 2004-க்கு முன் கட்டிய டெக் என்றால் அந்தப் பலகை ஆர்செனிக் ஏறியதாகவே இருக்கலாம். சாப்பிடும் செடிக்கு அது கூடாது. எரிப்பதும் கூடாது. ரயில் தண்டவாளக் கட்டைகளும் அப்படித்தான். அவற்றில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும்.

ஸ்க்ரூவில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண இரும்பு ஸ்க்ரூ சீடரில் உள்ள டேனின் என்ற துவர்ப்புச் சாறோடு சேர்ந்து கருப்புக் கோடாக வழியும். ட்ரீட்டட் கட்டையில் தாமிரம் அதை அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ், இல்லையென்றால் ஹாட் டிப் கால்வனைஸ்டு (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியது).

வாங்கவேண்டியதும் அறுக்கவேண்டியதும்

பிக்கெட் 10. சீடர் 2-க்கு-2 கட்டை 8 அடியில் இரண்டு. பெயர்தான் 2-க்கு-2, உண்மை அளவு 1½-க்கு 1½. ட்ரீட்டட் 2-க்கு-4 கட்டை 10 அடியில் ஒன்று. எட்டாம் நம்பர் 1⅝ அங்குல ஸ்க்ரூ 150, 2½ அங்குலம் ஒரு டஜன். லேண்ட்ஸ்கேப் துணி (மண்ணை நிறுத்தி நீரை விடும் தோட்டத்துணி) ஒரு துண்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிள். கருவிகளில் டிரில், ஏதாவது ஒரு மின்ரம்பம், ஜிக்ஸா, மூலைமட்டம்.

46 அங்குலம் என்ற வினோத அளவுக்குக் காரணம் இருக்கிறது. 72 அங்குல பிக்கெட்டில் காது வெட்டிய முனை 1½ அங்குலம் போய்விடும். மீதியில் 46-ல் ஒன்று, 22-ல் ஒன்று அறுத்தால் ரம்பம் தின்பதும் போகக் கொஞ்சம்தான் மிஞ்சும். மூன்று அடுக்குக்கு நீளப்பலகை ஆறு, குறுக்குப்பலகை ஆறு. ஆறு பிக்கெட்டில் முடிந்தது. நான்கு அடி என்று முழு எண்ணுக்கு ஆசைப்பட்டால் ரம்பம் தின்பது போகக் கால் அங்குலம்தான் மிஞ்சும்; பிக்கெட்டின் முனை கொஞ்சம் விரிந்திருந்தாலும் குறுக்குப்பலகை சிறுத்து, பெட்டி குறுகிவிடும்.

தளத்துக்கு மூன்று பிக்கெட்டை 21¾ அங்குலமாக அறுத்தால் ஒன்பது துண்டு. எட்டு தளத்துக்கு, ஒன்பதாவது பின்னால் வேறு வேலைக்கு. பத்தாவது பிக்கெட் மேல்விளிம்புக்கு.

2-க்கு-2 கட்டை ஒன்றில் 15¾ அங்குலமாக ஆறு துண்டு: மூலைக்கு நான்கு, நீளப்பக்கங்களின் நடுவுக்கு இரண்டு. இன்னொன்றில் 20⅛ அங்குலமாக நான்கு: இவை தளத்தைத் தாங்கும் சட்டங்கள். 2-க்கு-4 கட்டையில் 44¾ அங்குலம் ஒன்று, 23 அங்குலம் மூன்று.

கட்டுவது

நீளப்பக்கம் இரண்டையும் முதலில் தரையில் படுக்கவைத்துத் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பலகையை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்து, அவற்றின்மேல் மூலைக்கட்டை இரண்டு, நடுக்கட்டை ஒன்று. கட்டைகளின் அடிமுனை பலகையின் அடியோடு சமமாக இருக்கட்டும். மேலே முக்கால் அங்குலம் குறையும், அது வேண்டுமென்றே விட்ட குறை.

பலரும் சறுக்கும் இடம் இது: மூலைக்கட்டையைப் பலகையின் முனையோடு சமமாக வைக்கக் கூடாது. முனையிலிருந்து 5/8 அங்குலம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அந்தச் சந்தில்தான் குறுக்குப்பலகையின் கனம் வந்து உட்காரும். டேப்பை எடுக்காதீர்கள், பிக்கெட் துண்டு ஒன்றைச் செங்குத்தாக முனையோடு நிறுத்தி, அதில் முட்டும்படி கட்டையை வைத்தால் அளவு தானே சரியாக இருக்கும். ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு ஸ்க்ரூ, பலகைப் பக்கமிருந்து உள்ளே. 3/32 அங்குல பிட்டால் முதலில் துளை போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ. சீடர் முனையில் துளையில்லாமல் ஸ்க்ரூ இறக்கினால் பலகை எளிதில் விரியும். விரிசல் அன்றைக்கு மயிரிழையாகத் தெரியும், முதல் குளிர்காலம் முடியும்போது விரல் நுழையும்.

பிறகு இரண்டு பக்கங்களையும் நிமிர்த்தி, 22 அங்குலக் குறுக்குப்பலகைகளை இடையில் வைத்து மூலைக்கட்டைகளோடு முடுக்குங்கள். எதிர்மூலைக்கு எதிர்மூலை அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, சுமார் 51½ அங்குலம் வர வேண்டும். வராவிட்டால் நீளமாக இருக்கும் மூலையை ஒரு தள்ளு தள்ளிச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலை.

தளச்சட்டங்கள் நான்கையும் நீளப்பக்கங்களின் உட்புறம், அடியோடு சமமாக, மூலைக்கட்டைக்கும் நடுக்கட்டைக்கும் இடையே முடுக்குங்கள். பெட்டியைக் கவிழ்த்து, 44¾ அங்குல 2-க்கு-4 கட்டையைப் படுக்கைவாக்கில் நடுவே நீளமாக வைத்துக் குறுக்குப்பலகைகளோடு பிடித்துவிடுங்கள். இந்த நீளக்கட்டை இல்லாமல் 5/8 பலகை 22 அங்குலம் தாண்டி 400 பவுண்டைச் சுமக்க வேண்டியிருக்கும். இரண்டே கோடையில் தொட்டில் மாதிரித் தொங்கிவிடும்.

கவிழ்த்தபடியே அடிக்கட்டைகள். 23 அங்குலத் துண்டு மூன்றையும் பெட்டியின் அகலவாக்கில், ஒன்றுக்கொன்று மையத்திலிருந்து மையம் 16 அங்குலம் இருக்கும்படி 2½ அங்குல ஸ்க்ரூவால் பிடியுங்கள். ஒன்று நட்டநடுவில், மற்ற இரண்டும் முனைகளிலிருந்து 7 அங்குலத்தில். 16 அங்குலம் ஏன் என்றால் டெக்கின் ஜாய்ஸ்ட்டுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கும். பலகைமேல் வரிசையாகத் தெரியும் ஸ்க்ரூத் தலைகள் ஜாய்ஸ்ட் எங்கே ஓடுகிறது என்று காட்டிக்கொடுக்கும். பெட்டியின் நீளம் டெக் பலகை ஓடும் திசையில் இருந்தால், அடிக்கட்டை மூன்றும் மூன்று ஜாய்ஸ்ட்டுகளுக்கு நேர் மேலே உட்காரும். எடை பலகையை வளைக்காமல் நேரே ஜாய்ஸ்ட்டுக்குப் போகும். அடிக்கட்டை டெக் பலகைகளுக்குக் குறுக்கே படுப்பதால் பலகைச் சந்துகளும் அடைபடாது. உங்கள் டெக்கில் ஜாய்ஸ்ட் இடைவெளி 12 அங்குலம் என்றால், கலப்பு மரப்பலகை போட்ட டெக்குகளில் அது சகஜம், அடிக்கட்டையையும் 12-ஆக மாற்றுங்கள்.

நிமிர்த்தி, தளப்பலகைகள் எட்டையும் அகலவாக்கில் பரப்புங்கள். எட்டும் சேர்ந்தால் 44 அங்குலம், உள்நீளம் 44¾. சந்துக்கு இடமே இருக்காது. நனைந்ததும் மரம் ஊதி, பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும். ஆகவே ஒரு பலகையின் அகலத்தில் 1½ அங்குலத்தைச் சீவி எடுத்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு சந்துக்கும் கால் அங்குலம் கிடைக்கும். மூலையிலும் நடுவிலும் கட்டை வரும் இடத்தில் ஜிக்ஸாவால் பலகையில் காடி வெட்டிக்கொள்ள வேண்டும்.

மிஞ்சிய ஒன்பதாவது துண்டை இரண்டரை அங்குல அகலத்துக்குச் சீவி, எதிரெதிர் நடுக்கட்டைகளின் தலைமேல் பாலம் போலப் படுக்கவைத்து ஸ்க்ரூ போடுங்கள். முக்கால் அங்குலம் குறைத்தது இதற்காகத்தான். ஈரமண் நீளப்பக்கத்தை வெளியே தள்ளும். இந்தப் பட்டி இல்லாவிட்டால் ஆகஸ்டுக்குள் பெட்டி கர்ப்பிணி வயிறு போலப் புடைத்து நிற்கும். பத்தாவது பிக்கெட்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் மேல்விளிம்பு நான்கு பக்கத்துக்கும் சரியாகப் போதும். அது அழகுக்கு மட்டுமல்ல, பலகையின் மேல் ஓரத்தை மழையிலிருந்து மறைக்கவும்.

தண்ணீர் எங்கே போகிறது

மரம் உளுப்பது பூஞ்சையால். பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். அறுத்த முனை, பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் எந்தப் பெட்டியும் அடி அடுக்கின் மூலைகளில் தொடங்கி உளுக்கிறது. அறுத்த முனை ஒவ்வொன்றுக்கும், சேர்ப்பதற்கு முன், மெழுகுவகை முனைப்பூச்சு ஒரு கை அடித்துவிடுங்கள். உட்புறம் வார்னிஷ், பெயின்ட் எதுவும் வேண்டாம். வெளிப்புறம் விருப்பம், எதுவும் பூசாத சீடர் ஒரு வருடத்தில் சாம்பல் நிறமாகும், அதனால் கெடுதல் இல்லை. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட வேண்டும்.

உட்பக்கச் சுவருக்கு பிளாஸ்டிக் விரிப்பதா வேண்டாமா? வெறும் ஷீட்டை மரத்தோடு ஒட்டி அடித்தால் இடையே புகுந்த ஈரம் வெளியேறாது. ஆனால் ஒன்றும் விரிக்காவிட்டால் ஈரமண் எப்போதும் மரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நிலவறைச் சுவருக்கு வெளியே ஒட்டும் குமிழ் ஷீட் இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி. குமிழ்கள் மரத்தைப் பார்த்திருக்கும்படி மேல் ஓரத்தில் மட்டும் ஸ்டேப்பிள் அடித்தால் மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும். நான்கு சுவருக்கும் போதும், தளத்துக்கு வேண்டாம். தளத்தில் லேண்ட்ஸ்கேப் துணி ஒரே அடுக்கு, ஓரத்தில் இரண்டு அங்குலம் ஏறும்படி.

தளத்தில் ஜல்லி போடும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. பொடியான கலவையிலிருந்து பெரிய கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது; கலவையின் அடிப்பகுதி முழுக்க நனைந்து தளும்பினால்தான் சொட்டும். ஆக, ஜல்லி போட்டால் சொதசொதப்பான பகுதி வேரை நோக்கி மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். கூடவே எடை வேறு.

முதல் சில வாரம் பெட்டியிலிருந்து பழுப்புநிற நீர் வடியும். சீடரின் டேனினும் கலவையின் சாயமும்தான். டெக்கில் கறை படிந்தால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த டெக் பிரைட்டனர் எடுத்துவிடும். மாடி டெக் என்றால் அந்த நீர் கீழ்வீட்டுக்காரரின் நாற்காலியில் விழும் என்பதை முன்பே யோசியுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து பெட்டி ஆறு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு விஷயம். இங்குள்ள வீட்டுக் கட்டுமான விதிகளின்படி டெக் கைப்பிடியின் குறைந்தபட்ச உயரம் 36 அங்குலம். நம் பெட்டி அடிக்கட்டையோடு 18 அங்குலம். கைப்பிடியை ஒட்டி அதை வைத்தால், பெட்டிமேல் ஏறி நிற்கும் நான்கு வயதுக் குழந்தைக்குக் கைப்பிடி 18 அங்குலமாகக் குறைந்துவிட்டது. இதைச் சொல்லும் வரைபடம் அபூர்வம். மூன்றடியாவது தள்ளி வையுங்கள், அல்லது டெக்கின் படிப்பக்கம், தரைக்குச் சமீபமான மூலையில்.

நிரப்புவதும் நடுவதும்

5 கிலோ தேங்காய்நார்க் கட்டி இரண்டு (இங்கே கடையில் கிடைப்பதில் பாதி பொள்ளாச்சிப் பக்கமிருந்தோ இலங்கையிலிருந்தோ கப்பலேறி வந்ததாகத்தான் இருக்கும்), கம்போஸ்ட் 2 கன அடி, பெர்லைட் (மண்ணை இளக்கும் லேசான வெள்ளைக் குருணை) 1 கன அடி. கட்டிகளை முந்தின நாளே ஊறவைத்து உதிர்த்துவிடுங்கள். உப்புக் கழுவிய நார் என்று பையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நார் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; தக்காளியின் அடிப்பாகம் கருத்து அழுகுவதற்குக் கால்சியம் காயைச் சேராததே காரணம். ஒரு கப் ஜிப்சம் கலந்துவிட்டால் நல்லது. அதைவிட முக்கியம், ஒருநாள் வறட்சி மறுநாள் வெள்ளம் என்று நீர் ஊற்றாமல் இருப்பது. மண்ணில் கால்சியம் இருந்தாலும் நீரோட்டம் விட்டுவிட்டு வந்தால் காய்க்குப் போகாது. கலவை முதல் மாதத்தில் ஓரிரு அங்குலம் அமுங்கும். நிரப்ப ஒரு பை மிச்சம் வைத்திருங்கள். பெட்டியை இடத்தில் வைத்தபின் நிரப்புங்கள் என்று எழுதுவதே அபத்தமாகத் தோன்றலாம். நிரப்பிய பெட்டியை நகர்த்த முயன்று அடிக்கட்டையைப் பெயர்த்தவர்கள் உண்டு.

உள்ளே 6.8 சதுர அடி. இதில் ரோமா மாதிரிக் குட்டையாக நிற்கும் தக்காளி இரண்டு, அல்லது கத்தரி மூன்று, அல்லது மிளகாய் ஐந்து, அல்லது வெண்டை ஆறு. "அல்லது" என்பதை அழுத்திப் படிக்கவும். நாற்று சின்னதாக இருக்கும்போது எல்லாவற்றையும் நெருக்கி நட்டுவிட்டு, ஜூலையில் இலைக்காடாகி, ஆகஸ்டில் சாம்பல் நோய் என்று புலம்புவதே வழக்கம். தக்காளி, மிளகாய்க்கு மே இரண்டாம் ஞாயிறு, அன்னையர் தினத்தை ஒட்டி நடுவது இங்குள்ள வழக்கு. வெண்டை அதற்கும் பின்னால். மண் சூடேறாமல் விதைத்தால் முளைக்காமல் அழுகும். கொத்தமல்லியும் வெந்தயமும் தலைகீழ். அவற்றை ஏப்ரலிலும் செப்டம்பரிலும் போடுங்கள், ஜூலை வெயிலில் கொத்தமல்லி இலை தராமல் பூவுக்கு ஓடிவிடும்.

கறிவேப்பிலையை இந்தப் பெட்டியில் நடாதீர்கள். இரவு வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் அக்டோபரில் அது வீட்டுக்குள் வந்தாக வேண்டும். 490 பவுண்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. அதற்கும் முருங்கைக்கும் தனித்தொட்டி. அவரை, புடலைக்குப் பந்தல் கட்டினால் பந்தல் கம்பைப் பெட்டியின் மூலைக்கட்டையில் பிடியுங்கள், கைப்பிடியில் வேண்டாம். பந்தல் வடக்கு ஓரத்தில் இருந்தால் மற்ற செடிமேல் நிழல் விழாது.

ஜூலையில் நன்றாக வளர்ந்த பெட்டிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு கேலன் தண்ணீர் தேவைப்படும். அடியில் வடியும்வரை ஊற்றும் ஒவ்வொரு முறையும் உரமும் சேர்ந்து வடியும். நடும்போது மெதுவாகக் கரையும் உரம் ஒரு பிடி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவ உரம். தரைத்தோட்டத்தில் ஒருமுறை போட்டு மறந்துவிடுவது போல இங்கே முடியாது. டெக்கில் மான் தொல்லை குறைவு, கிரவுண்ட்ஹாக் தொல்லையும் குறைவு. அணில் நிச்சயம் வரும். விதைத்த வாரம் அரை அங்குலக் கம்பிவலை ஒன்றை மேலே போட்டு வைத்தால் தோண்டாது.

குளிர்காலமும் பழுதும்

நவம்பரில் செடிகளைப் பிடுங்கியபின் கலவை தொப்பலாக நனைந்தபடி உறையக் கூடாது. உறையும்போது நீர் விரிந்து மூலைகளைத் திறக்கும். மேலே ஒரு பிளைவுட் துண்டைச் சற்றுச் சாய்வாக வைத்துக் கல் ஏற்றிவிட்டால், உருகும் பனி உள்ளே இறங்காது. பிளாஸ்டிக் தார்ப்பாயால் முழுவதும் சுற்றிக் கட்டுவது வேண்டாம், காற்றோட்டம் போய்விடும்.

மார்ச்சில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் அடிக்கட்டைகளையும் அடி அடுக்கின் முனைகளையும் குத்திப் பாருங்கள். கால் அங்குலம் எளிதில் இறங்கினால் உளுத்துவிட்டது. பெட்டிக்கு அடியில் உள்ள டெக் பலகையையும் அதே கையோடு குத்திப் பார்க்க வேண்டும். அங்கே மெத்தென்று இருந்தால் பெட்டியைக் காலிசெய்து இடம் மாற்றத்தான் வேண்டும். 5/8 அங்குல சீடரிடம் ஐந்தாறு வருடத்துக்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் பெட்டி முழுவதும் ஒரே நேரத்தில் போகாது. முதலில் போவது அடி அடுக்கின் நீளப்பலகை. அந்தப் பக்கத்துக் கலவையைத் தளம் தெரியும்வரை வாளிகளில் அள்ளி எடுத்துவிட்டு, அந்தப் பலகையை மூலைக்கட்டை, நடுக்கட்டை, தளச்சட்டம் மூன்றிலும் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் அது வெளிப்பக்கமாகவே வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டிருந்தால் கழலும். துருப்பிடித்தது என்றால் தலை உடைந்து, கட்டையையும் சேர்த்தே மாற்றும்படி ஆகும். புதுப்பலகைக்குப் பழைய துளையில் ஸ்க்ரூ போடாமல் அரை அங்குலம் தள்ளிப் புதுத்துளை போடுங்கள்.